பச்சைப் புள்ளி தெரியுது, உப்பு தெரியலயே

ஃபுட் சேஃப்டி ரெய்டுன்னாலே நம்ம ஆளுகளுக்கு ஒரு குஷி. கெட்டுப்போன சிக்கனைக் கொட்டி மேல பினாயில ஊத்துற வீடியோ வாட்ஸப்புக்கு வந்துரும், நாலு நாளைக்கு அந்தக் கடைப்பக்கம் ஒருத்தரும் போகமாட்டாங்க, அஞ்சாவது நாள் பார்த்தா நாமளே அங்க பார்சலுக்கு நின்னுக்கிட்டு இருப்போம். ரெய்ட குறை சொல்லல, 2023ல நாமக்கல்ல ஷவர்மா சாப்பிட்டு 14 வயசுப் பிள்ளை செத்துப்போச்சே, அதெல்லாம் மறக்குற விஷயமா. ஆனா ரெய்டுல மாட்டுறது பூராம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியிற சரக்குதான்.

எண்ணெய எடுத்துக்கங்க. திரும்பத் திரும்ப காய்ச்சுனா எண்ணெய் உடைஞ்சு வேண்டாத சரக்கெல்லாம் உண்டாகும், டிபிசின்னு சொல்றாங்க, அது 25 சதவீதத்த தாண்டுனா அந்த எண்ணெய்ய சட்டியில வைக்கக்கூடாதுன்னு 2018 ஜூலையில இருந்து ரூல். சுடுற எண்ணெய்க்குள்ள விட்டுப் பாக்குற மீட்டர் இருக்கு, நம்பர் காட்டிரும். சரி, எத்தனை சட்டியில விட்டுப் பாப்பாங்க? சாயங்காலம் செல்லூர்ல இருந்து கோரிப்பாளையம் வர்றதுக்குள்ள எத்தனை வடைச் சட்டி, எத்தனை சில்லி சிக்கன் வண்டி இருக்கு!

நான் வழக்கமா சாப்பிடுற பரோட்டாக்கடை அண்ணன்கிட்ட ஒருநாள் பேச்சுவாக்குல கேட்டேன், "மிச்ச எண்ணெய என்னண்ணே பண்ணுவீங்க?" சால்னா ஊத்திக்கிட்டே சொன்னாரு, "அதுக்குன்னு ஆள் வரும் தம்பி, கேன்ல புடிச்சுட்டு போயிரும்." எங்க போகுதுண்ணேன்னா, "அது எனக்கெதுக்கு, காசு குடுத்துட்டுத்தான போறான்." முறையா பார்த்தா அது பயோடீசலுக்குப் போகணும், அதுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு. ஆனா பெரிய கடையில கழிச்சது சின்னக் கடைச் சட்டிக்கு இறங்கிரும்ங்கிறது ஊரே பேசுறதுதான், ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல எண்ணெய் செலவாகுற கடைதான் கணக்கு நோட்டு வைக்கணும்னு வேற ரூல், அப்ப வாங்கி ஊத்துற வண்டிக்காரர்கிட்ட எந்த நோட்டப் போயி பாக்குறது.

இதே எண்ணெய் விஷயத்துல சத்தமே இல்லாம ஒரு நல்லது நடந்துச்சு. வனஸ்பதி, எண்ணெய்ல டிரான்ஸ் ஃபேட், அதான் இதயத்துக்கு ஆகாத கொழுப்பு, 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு 2022 ஜனவரியில கொண்டாந்தாங்க. பரோட்டா மாஸ்டருக்கு அப்படி ஒரு ரூல் இருக்கிறதே தெரியாது, தெரியவும் வேண்டாம், டின்னு ஃபேக்டரியில இருந்து வரும்போதே மாறித்தான வரணும். ஆபீசர் ஒவ்வொரு கடை வாசல்லயும் வந்து நிக்காமயே வேலை செய்யிற சட்டம்னா அதுதான். பச்சை முட்டை மயோனைசுக்கு 2025 ஏப்ரல்ல ஒரு வருஷத்துக்குன்னு தடை போட்டாங்கள்ல, அது அப்படி இல்ல, கடைக்குக் கடை போயி இது முட்டையா முட்டையில்லாததான்னு ஆள் நின்னு பாக்கணும் (நம்ம பயலுகளுக்கு எது ஊத்துனாலும் ஒண்ணுதான், அது வேற).

இப்ப பாக்கெட்டுக்கு வருவோம். ஸ்கூல் வாசல் பெட்டிக்கடையில சரம் சரமா தொங்குதே, அதுல ஒண்ணுமே சட்டத்துக்குப் புறம்பு கிடையாது. 14 இலக்க லைசன்ஸ் நம்பர் இருக்கு, தேதி இருக்கு, எல்லாம் சரியா இருக்கு. எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய்ங்கிறதும் இருக்கு, பின்னாடி மடிப்புக்குள்ள, எறும்பு சைஸ்ல. எங்க அக்கா மக போன் கேமராவுல ஜூம் பண்ணித்தான் வாசிச்சா. ஒரு தடவைக்கு இவ்வளவுன்னு கொஞ்சூண்டு கிராம் போட்டு, ஒரு நாள் அளவுல அது எத்தனை சதவீதம்னுதான் போட்டிருக்கு. "மாமா, பாதிய யாரு மடிச்சு வைப்பா?"ன்னு கேட்டுட்டு மிச்சத்தையும் தின்னு முடிச்சுட்டா.

எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா வெள்ளிக்கிழமை பிஸ்கட்டு வாங்குனா பச்சைப் புள்ளி இருக்கான்னு பாக்காம வாங்காது. அப்ப ஒரு அடையாளம் போட்டா நம்ம சனம் பாக்கும்ங்கிறது ஏற்கனவே தெரிஞ்ச சங்கதிதான. சிலி நாட்டுல 2016லயே உப்பு, சர்க்கரை, கொழுப்பு ஜாஸ்தின்னா பாக்கெட் முன்னாடி எட்டுமூலை கருப்பு முத்திரை குத்திட்டாங்க. இங்க 2022ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், என்ன யோசனை சொல்லுச்சுன்னா, பாக்கெட்டுல இருக்கிறது உடம்புக்கு எவ்வளவு நல்லதுன்னு பார்த்து முன்னாடி ஸ்டார் குடுக்கலாமாம். கொஞ்சம் பருப்பு, நார்ச்சத்து சேர்த்தா அதுக்குத் தனியா பாயிண்ட் வேற. ஒரு ஸ்டாரா இருந்தாலும் பிள்ளைக பார்வைக்கு அது பரிசு மாதிரிதான தெரியும்? பாக்கெட் முன்னாடி எச்சரிக்கை போடணும்னு கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, 2025 ஏப்ரல்ல மூணு மாசம் டைம் குடுத்து ஒரு முடிவு சொல்லுங்கன்னாங்க.

கருப்பு முத்திரை வந்தா நம்ம ஊறுகா, அப்பளம், மிக்சர் எல்லாம் சேர்ந்து மாட்டுமேன்னு யாராவது கேப்பீங்க. மாட்டட்டும். எங்க தெருமுக்கு மிக்சர்ல போடுற உப்புக்கு ஒண்ணு பத்தாது, ரெண்டா குத்தணும்.