தாண்டிக்குடி ஜீப்புக்குப் பவர் ஸ்டீயரிங் மாற்றிய அனுபவம்

தாண்டிக்குடியில் எங்கள் காப்பித் தோட்டத்துக்குள் ஓடும் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்புக்கு, சேற்றில் பிடிமானம் வேண்டும் என்று அகலமான டயர்களைப் போட்டதிலிருந்து, ஸ்டீயரிங்கை ஒடிப்பதே அப்பாவுக்குப் பெரும்பாடாகிவிட்டது. ஒரு மழைக்காலத்தில் மூட்டைகளோடு ஏறி வரும்போது முன் சக்கரம் கல்லில் மோதி, ஸ்டீயரிங் வளையம் சுழன்று அடித்ததில் அவருடைய கட்டைவிரல் பிசகியது. அன்றைக்கே, எண்ணெய் அழுத்தத்தின் உதவியால் லேசாக ஒடிக்க வைக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் தெரிவித்தேன். பணம் செலவழித்த பிறகு இவற்றைக் கேட்பதில் பயனில்லை.

பழைய பொலேரோ ஒன்றிலிருந்து கழற்றிய ஸ்டீயரிங் பெட்டி, பம்ப், எண்ணெய்க் குடுவை, குழாய்கள் ஆகியவற்றை வாங்கி, மலையடிவாரப் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். நான்கு நாளில் வண்டி கைக்கு வந்தது. ஒரே விரலால் ஒடிக்க முடிந்ததில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. ஆனால், பெரும்பாறை தாண்டிச் சாலை பள்ளமாக இருந்த இடத்தில், நான் ஒடிக்காமலேயே வண்டி தானாக இடப்புறம் இழுத்தது. அடுத்த பள்ளத்திலும் அப்படியே. ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளத்தாக்குமாக இருக்கும் சாலையில் அதை மேற்கொண்டு ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

வத்தலக்குண்டில் ஜீப் வேலையிலேயே முடி நரைத்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, ஸ்டீயரிங் லேசா இருக்குன்னா சரியா இருக்குன்னு அர்த்தமில்ல” என்றார். ஸ்டீயரிங் பெட்டியோடு சேர்ந்து அசையும் கை போன்ற பிட்மேன் ஆர்மிலிருந்து அச்சுப் பக்கம் போகும் டிராக் லிங்க் என்ற தண்டு, மிகவும் சரிவாக நின்றது. பள்ளத்தில் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி அச்சு மேலே எழும்போது, அச்சு ஒரு வளைவில் நகர்கிறது, அந்தத் தண்டு வேறொரு வளைவில் நகர்கிறது; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சக்கரத்தைத் திருப்புகிறது. ஸ்டீயரிங் கனமாக இருந்திருந்தால் கையில் முன்பே உறைத்திருக்கும் என்பது என் எண்ணம். பவர் வந்ததும் அந்த எச்சரிக்கை மங்கிவிட்டது.

அதைவிட என்னை நடுங்க வைத்தது வேறு. பெட்டியின் பல் அமைப்புக்குப் பழைய பிட்மேன் ஆர்ம் பொருந்தவில்லை என்பதால், இரண்டு ஆர்ம்களை வெட்டி ஒட்டி வெல்டிங் செய்திருந்தார்கள். சம்மட்டியடித்து உருவாக்கிய அந்த இரும்பைச் சூடாக்கினால் பதம் போய்விடும். அது ஒருநாள் ஒடிந்தால் சக்கரத்துக்கும் கைக்கும் தொடர்பே இருக்காது. இந்த ஒன்றில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டிக்கு உரிய ஆர்மையே தேடி வாங்கினோம்.

பெட்டியைத் தாழ்த்தி வைத்து, டிராக் லிங்கைக் கூடியவரை படுக்கையாக வரச் செய்தார். ஸ்டீயரிங் பெட்டியை வெறும் தகட்டில் துளையிட்டு மாட்டியிருந்த இடத்தில், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை இரும்புத் தகடு வைத்துப் பெட்டிபோல் அடைத்து, போல்ட்டுகள் செல்லும் வழியில் குழாய்த் துண்டுகளை உள்ளே வைத்து வெல்டிங் செய்தார். இல்லையென்றால் போல்ட்டை இறுக்க இறுக்கத் தகடு நெளியும், பிறகு விரிசல் விடும். பிறகு வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, சக்கரங்கள் நேராக நிற்கும்படி தண்டின் நீளத்தைச் சரிசெய்தார். பெட்டி தன் கோடியைத் தொடுமுன் அச்சிலுள்ள தடுப்பு போல்ட் சக்கரத்தை நிறுத்துகிறதா என்பதையும் இருபுறமும் பார்த்தார்.

எண்ணெய்க் குழாய்களில் சிக்கிய காற்றை எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினைப் போடாமலேயே வளையத்தை இருபுறமும் மெதுவாகச் சுற்றி, குடுவையில் குமிழி நிற்கும்வரை எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தோம். இன்ஜினைப் போட்ட பிறகும் எண்ணெய் நுரைத்தால் நிறுத்தி, அடங்கவிட்டு, மறுபடியும் தொடங்கினோம்.

இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடுவது அப்பாவின் நெடுநாள் பழக்கம். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நின்று, கொண்டை ஊசி வளைவின் நடுவில் ஸ்டீயரிங் இறுகிவிடும் என்பதை, சமதளத்தில் நிறுத்தி அணைத்து அவரையே ஒடிக்கச் சொல்லிக் காட்டினேன். “சரிப்பா, இனி கியர்லயே இறக்குறேன்” என்றார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பார்த்தோம். ஒரு போல்ட் மட்டும் கால் சுற்று இளகியிருந்தது. இப்போது ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் சேஸிஸோடு சேர்த்து மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்; காலையில் வண்டி எடுக்குமுன் குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்துவிடுவது அப்பாவின் வழக்கமாகிவிட்டது.