தூண்டிலுக்குப் புது ஆட்களைக் கூட்டிப் போகும்போது

குமரி மாவட்டக் கரையில் தேங்காப்பட்டணத்திலோ நீரோடிப் பக்கத்திலோ வள்ளம் பேசி, நண்பர்களோடு ஒரு நாள் தூண்டில் போடக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "என்ன மீன் கிடைக்கும்?" என்றுதான். விளமீன் கிடைக்கலாம், கலவா கிடைக்கலாம், வெறும் கிளாத்தியோடும் திரும்பலாம். கடல் பழகாத இரண்டு பேர் ஏறிவிட்டால், அந்த நாள் எப்படிப் போகும் என்பது அவர்கள் வயிற்றையும் விரலையும் பொறுத்தது. ஆழத்தையும் நேரத்தையும் அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளுங்கள். 15 முதல் 20 பாகம் ஆழமுள்ள பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, போதும். இரு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய 6 அடி. விடியுமுன் இறங்கி, கடல்காற்று ஏறுமுன் 11 மணிக்குள் கரை சேர்ந்துவிட வேண்டும். 28 அடி ஃபைபர் வள்ளத்தில் வள்ளக்காரர் இருவர், நாம் நால்வர். அந்த நால்வரில் புது ஆள் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தப் பக்கம் காலைக் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அப்போதும் வானிலை அறிக்கையில் குமரிக்கடலுக்கு மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் காற்று என்று வந்தால், கரை எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் போகக்கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் என்ன செய்தது என்று தூத்தூர்க் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலில் பிறந்த நீண்ட அலை, நாள்கணக்கில் பயணப்பட்டு, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கென்றே எச்சரிக்கை விடுகிறது. முந்தின நாள் மாலை அதைப் பார்க்காமல் வள்ளக்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

கள்ளக்கடல் வெளிக்கடலில் பெரிதாகத் தெரியாது. துறைமுக வாயில்தான் அதன் குணம் வெளிப்படும். தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் விழுகிற இடம் அது. மணல் சேர்ந்து ஆழம் குறைய, அலை அங்கே எழும்பி உடைகிறது. வள்ளங்கள் கவிழ்ந்து உயிர் போனது பல முறை செய்தியாக வந்ததுதான். அனுபவப்பட்டவர் வாய்க்கு வெளியே எஞ்சினைக் குறைத்து நின்று அலையை எண்ணுவார். பெரிய அலைகள் கூட்டமாக வந்து போனபின், ஓர் அலையின் முதுகில் ஏறி, அதை முந்தாமல் அதன் வேகத்திலேயே உள்ளே வருவார். முந்தினால் வள்ளத்தின் முன்பக்கமான அணியம் கீழே குத்தி, வள்ளம் பக்கவாட்டில் திரும்பிவிடும். அந்த ஐந்து நிமிடமும் எல்லோரும் உயிர்காப்புச் சட்டையைப் பூட்டிக்கொண்டு தளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து நின்று வீடியோ எடுக்கிறவரைச் சட்டையைப் பிடித்து உட்கார வைப்பதில் தவறில்லை. கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய உதவி எண்கள் இரண்டையும் கரையில் இருக்கும் ஒருவரிடம், திரும்பும் நேரத்தோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். பெட்ரோல் கணக்கு மூன்று பங்கு: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று.

வாந்தி வருவது ஓடும்போது குறைவு. எஞ்சினை அணைத்து நங்கூரம் போட்ட பத்து நிமிடத்தில்தான் வரும். அவோமின் மாதிரி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முந்தின இரவோ, ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்போ போட வேண்டும். தலைசுற்றத் தொடங்கியபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். இரவு பரோட்டாவும் பாட்டிலும் கூடாது. காலையில் இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் ஆகாது. புது ஆளை எஞ்சின் புகையிலிருந்து தள்ளி, வள்ளத்தின் நடுவில் உட்கார வைத்து, தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். குனிந்து தூண்டில் முள் கட்டும் வேலையை அவரிடம் கொடுக்கவே கூடாது. எல்லாத் தூண்டிலையும் கரையிலேயே கட்டி முடித்திருக்க வேண்டும்.

தூண்டில் இப்படி: 0.8 மில்லிமீட்டர் தங்கூஸ் நரம்பு (நைலான் இழை) 100 மீட்டர், அதன் முனையில் சுழலி. சுழலிக்குக் கீழே ஒன்றே கால் மீட்டர் நீளத்தில் இரண்டு கிளை, ஒவ்வொன்றும் ஒரு சாண். கிளைகளுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி இருந்தால் ஒன்றையொன்று சுற்றாது. ஈயக்குண்டை மட்டும் 0.4 மில்லிமீட்டர் மெல்லிய நரம்பில் கட்டுங்கள். பாரில் சிக்கினால் அது அறுந்து ஈயம் மட்டும் போகும், மேலே உள்ளது மிஞ்சும். 20 பாகத்துக்கு 300 கிராம் ஈயம். நீவாடு, அதாவது நீரோட்டம், இழுத்தால் 500 வரை. முனை உள்பக்கம் வளைந்த வட்ட முள் புது ஆளுக்கு ஏற்றது. கொத்தியதும் வெடுக்கென்று சுண்டத் தேவையில்லை, சீராக இழுத்தாலே கடைவாயில் மாட்டும். இரைக்குக் கணவாய்க் கீற்று. சாளையைக் கிளாத்தி நொடியில் உரித்துவிடும். ஈயம் தரை தட்டி நரம்பு தளர்ந்ததும் ஒரு முழம் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

நரம்பைக் கையில் சுற்றக்கூடாது. இதை மூன்று தடவை சொல்லியும் ஒருவர் சுற்றுவார். பெரிய பாறை மீன் ஒன்று இழுத்தால் சதை வரை அறுக்கும். ஆள்காட்டி விரலுக்குச் சைக்கிள் டியூப் துண்டு, இழுத்த நரம்பு விழ ஒரு பிளாஸ்டிக் பேசின், இரண்டும் ஆளுக்கொன்று.

சிக்கல் விழுவது பெரும்பாலும் ஈயத்தின் எடையால். நங்கூரத்தில் நிற்கும் வள்ளத்துக்கு நீவாடு அணியத்திலிருந்து பின்னால் ஓடும். அணியத்தில் இருப்பவருக்குக் கனமான ஈயம், பின்னால் இருப்பவருக்கு இலேசானது என்று கொடுத்தால் முன்னவர் நரம்பு செங்குத்தாக இறங்கும், பின்னவருடையது விலகிப் போகும். மாற்றிக் கொடுத்தால் அரை மணி நேரம் பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நங்கூரமும் பாரில் மாட்டும். கயிற்றை நங்கூரத்தின் அடிப்பக்கத்தில் கட்டி, மேல் வளையத்தோடு மெல்லிய சணலால் ஒரு சுற்று மட்டும் இணையுங்கள். சிக்கியபோது பலமாக இழுத்தால் சணல் அறுந்து, நங்கூரம் பின்பக்கமாக உருவிக்கொண்டு வரும்.

கெளிறு மீன் வந்தால் கையால் தொடாதீர்கள், முதுகிலும் இரு பக்கமும் விஷமுள். குத்தினால், பொறுக்கும் அளவு சூடான நீரில் ஒரு மணி நேரம் போல வைத்தால் வலி அடங்கும். அதற்காகவே ஒரு ஃப்ளாஸ்க் வெந்நீர் தனியாக வேண்டும். கடல்பாம்பு மாட்டினால் நரம்பை அறுத்துவிடுங்கள், முள் போனால் போகட்டும். உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனை உயிரோடு திருப்பி விடுங்கள்.

பிடித்த மீனுக்குச் சம எடை உடைத்த ஐஸ். சூரையும் அயலையும் வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தாலே ஹிஸ்டமின் சேரத் தொடங்கும். தின்றவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும். கழுவினாலும் வறுத்தாலும் அது போகாது, ஆகவே முதல் மீன் ஏறும் முன்பே பெட்டியில் ஐஸ் இருக்க வேண்டும்.