மெழுகுவத்தி இருந்த இடத்தில் ஃபோன்

பழைய ஓவியத்தில் ஃபோனை நுழைத்துக் கேலிச்சித்திரம் செய்பவர்கள் பெரும்பாலும் அதை யார் கையிலாவது கொடுத்துவிடுகிறார்கள். ஒரு சிரிப்போடு படம் தீர்ந்துபோகிறது. பழைய ஓவியங்களைக் கணினியில் மாற்றும் எங்கள் வேலையில் முதலில் தேடுவது, படத்துக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். ஃபோன் அங்கே போக வேண்டும்.

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் டி லா தூர் 1640 வாக்கில் வரைந்த 'மனம் வருந்தும் மக்தலேனா' இதற்கு அருமையான படம். இயேசுவைப் பின்பற்றிய மகதலேனா மரியாள் இரவில் தனியே அமர்ந்திருக்கும் காட்சி அது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2017 முதல் அதன் பெரிய படக்கோப்பை யாரும் இலவசமாக இறக்கி மாற்றிக்கொள்ளலாம். மடியில் மண்டையோடு, அதன்மேல் கோத்த கைகள், மேசையில் மெழுகுவத்தி, அதற்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி. நிலையாமையைச் சொல்லும் பொருள்கள் ஏற்கெனவே அங்கே இருப்பதால், மெழுகுவத்தியை மட்டும் மாற்றினால் போதும். இரண்டாவதாக எதையும் சேர்க்கக் கூடாது.

சிக்கல் கண்ணாடியில்தான். சுடர் எல்லாப் பக்கமும் ஒளிவீசும்; ஃபோன் முன்பக்கம் மட்டுமே. திரை அவளைப் பார்த்து நின்றால் கண்ணாடியில் தெரிய வேண்டியது ஃபோனின் முதுகு. ஒளிரும் திரையையே அங்கேயும் வரைந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சுடரில் மின்னிய கண்ணாடிச் சட்டத்தையும் இருட்டாக்க வேண்டும். அவளுடைய வெள்ளைச் சட்டையில் பட்டுத் திரும்பும் மங்கலான ஒளியில், மூன்று கேமரா லென்சுகளின் விளிம்பு மட்டும் கண்ணாடியில் தெரியட்டும். சுடர் பிரதிபலித்த இடத்தில் இப்போது கேமரா அவளையே பார்க்கிறது. படத்தின் கேலி முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது நிறம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; எண் கூடக் கூட ஒளி நீலமாகும். மெழுகுவத்தியின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின், ஃபோன் திரை 6,500. கணக்குப்படி மாற்றினால் சிவப்புப் பாவாடை செத்துப்போய்க் கறுத்துவிடும். முகத்திலும் சட்டையிலும் மட்டும் பாதி தூரம் நீலத்தின் பக்கம் குளிர்ச்சியாக்கி, பாவாடையைத் தொடாமல் விடுவதே நல்லது. திரை அகலமான ஒளி என்பதால் நிழலின் ஓரங்களைச் சற்று மென்மையாக்க வேண்டும்.

ஃபோனின் புகைப்படத்தை வெட்டி ஒட்டினால் கூர்மை காட்டிக்கொடுத்துவிடும். ஓவியத்தின் இருளிலிருந்தே நிறம் எடுத்து வரைய வேண்டும். அந்த இருள் பழுப்பு, சுத்தக் கறுப்பு அல்ல. பக்கத்து இடத்தில் வண்ணப்பூச்சில் விழுந்த வெடிப்புகளைத் தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு) எடுத்து, அடியில் இருப்பதைக் கருமையாக்கும் 'மல்டிப்ளை' முறையில் ஃபோன்மேல் படரவிட்டால் அது ஓவியத் துணியோடு ஒட்டிக்கொள்ளும். திரையில் ஐகான், லோகோ எதுவும் வேண்டாம். வெறும் வெளிச்சம் போதும்.