கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால்

2023 ரக்பி உலகக் கோப்பைக் காலிறுதி, பாரிஸ், அயர்லாந்து - நியூசிலாந்து. எல்லாரும் கடைசியில் அயர்லாந்து பந்தை விடாமல் அடுத்தடுத்து முன்னேறப் பார்த்த 37 ஃபேஸ் (பந்தோடு மோதும் சுற்றுகள்) பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததுதான் இன்னும் மனசை அறுக்கிறது. அயர்லாந்து ‘மால்’ கட்டி, அதாவது பந்து வைத்திருப்பவரைச் சுற்றிக் கூட்டமாகப் பிணைந்து, தள்ளிக்கொண்டே வந்து, ரோனன் கெல்லெஹர் பந்தோடு நியூசிலாந்தின் கோல் கோட்டைத் தாண்டியே விட்டார், ஆனால் நியூசிலாந்தின் ஜோர்டி பாரெட் அடியில் புகுந்து பந்து தரையைத் தொடாமல் தாங்கிப் பிடித்துவிட்டார். பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால்தான் ட்ரை, அதனால் ட்ரை இல்லை. முடிவு 28-24, நியூசிலாந்துக்கு வெற்றி.

2021-க்கு முன் என்றால் அயர்லாந்துக்கு அங்கேயே, கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால், ஸ்க்ரம் (இரு அணியின் முன்வரிசை ஆட்களும் பிணைந்து பந்துக்காகத் தள்ளுவது) கிடைத்திருக்கும். இப்போது தடுத்த அணி கோட்டிலிருந்து பந்தை உதைத்து அனுப்பிவிடலாம், நீங்கள் நடு மைதானத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அப்படியிருந்தும் இத்தனை அணிகள் ஏன் குனிந்து குனிந்து ஒரே இடத்தில் முட்டுகின்றன? முட்டுவது தப்பில்லை, ஆட்களை உள்ளே இழுக்க அது வேண்டும், ஆனால் இழுத்த பிறகு பந்தை வெளியே அனுப்ப வேண்டாமா? 2015 உலகக் கோப்பையில், பிரைட்டனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஜப்பான் செய்தது அதைத்தான்: 32-29 என்று பின்தங்கியிருந்தும் சமன் செய்யும் பெனால்டி உதையை வேண்டாமென்று ஜப்பான் கேப்டன் லீச் ஸ்க்ரம் கேட்டார், வலது பக்கம் முட்டி முட்டி தென்னாப்பிரிக்கர்களை அங்கே குவியவைத்தார்கள், அப்புறம் சட்டென்று இடது பக்கம் ஒரு நீளமான பாஸ், மாஃபி ஒருவரைக் கையால் தள்ளிவிட்டுக் கொடுக்க, ஹெஸ்கெத் மூலையில் பாய்ந்தார். 34-32, ஜப்பானுக்கு வெற்றி!