பாரிஸுக்குக் கடிதம் பறக்க இரண்டரை ஷில்லிங்!

1919 நவம்பர் 10-ல் லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவே விமானத் தபால் தொடங்கியபோது அவுன்ஸுக்கு இரண்டரை ஷில்லிங் கேட்டார்கள், அதுவும் வழக்கமான வெளிநாட்டுத் தபால் கட்டணம் இரண்டரை பென்ஸுக்கு மேலே. அப்போது ஒரு ஷில்லிங் 12 பென்ஸ், கணக்குப் பாருங்கள், கூடுதல் மட்டுமே 12 மடங்கு! ரயிலும் கப்பலுமாக மறுநாளே கடிதம் போய்ச் சேர்கிற பக்கத்து ஊருக்கு யார் இவ்வளவு கொடுப்பார்கள்? 1920-லேயே அந்தக் கூடுதல் கட்டணம் 2 பென்ஸாக இறங்கிவிட்டது.

1930-ல் லண்டன் தெருக்களில் விமானத் தபாலுக்கென்றே நீலப் பெட்டிகள் வைத்தார்கள் (சிவப்புப் பெட்டிக்குப் பேர்போன ஊரில்!). 1936-லிருந்து ஐரோப்பாவுக்கான கடிதங்கள் தனிக் கட்டணமில்லாமலே விமானத்தில் ஏற ஆரம்பித்தன, அப்புறம் நீலப் பெட்டிக்கு என்ன வேலை, 1938-ல் எடுத்துவிட்டார்கள்.

அந்த இரண்டரை ஷில்லிங் காலத்து உறை யாரிடமாவது இருந்தால் படம் போடுங்கள், பார்க்க ஆசை.