அரசாணிப் பூவும் அம்மிச்சியும்

சாளை வீட்டுக்குப் பின்னால் அரசாணிக் கொடி, அதாவது பரங்கிக் கொடி, குப்பைமேட்டையே மூடிவிட்டது. இருபது நாளாகப் பூத்துத் தள்ளுகிறது, ஒரு பிஞ்சு நிற்கவில்லை, வெம்பிக் கொட்டுகிறது.

"மருந்தடிச்சுப் பாக்கட்டுங்களா அம்மிச்சி?" என்று அம்மாவின் அம்மாவிடம் கேட்டேன்.

"காத்தால வா கண்ணு. வெயிலேறுனா பூ மூடிக்கும்."

ஆறு மணிக்குப் போனோம். நீளக் காம்பில் ஒல்லியாக நிற்பதெல்லாம் ஆண் பூ. முதலில் வருவதும் அதுதான். பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு, மொட்டு விரியும் முன்பே இருக்கிறது. அதுதான் சூலகம். காயாவது அது, உள்ளே இருக்கும் சூல்கள்தான் விதையாகும். மகரந்தம் கனமாகப் பிசுபிசுவென்று இருப்பதால் காற்றில் பறக்காது, தேனீ வந்தால்தான் உண்டு. (பக்கத்துக் காட்டில் போன வாரம் மருந்தடித்தார்கள். நானும் அடிக்க இருந்தேன், சரி விடுங்கள்.)

அம்மிச்சி ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருந்த மஞ்சள் குச்சியைப் பெண் பூவின் நடுவில் மகரந்தம் ஒட்டும் சூல்முடியில் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். விரலெல்லாம் மஞ்சள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் விதை சரியாகப் பிடிக்காமல் காய் கோணிக்கொள்ளுமாம்.

இன்றோடு ஒன்பது நாள். தேய்த்த மூன்றில் இரண்டு தேங்காய் அளவு வந்துவிட்டது. மூன்றாவது நான் தேய்த்தது.