கார்டு நம்பரை ஏன் ரெண்டு தடவை கேட்குது?

2025 அக்டோபர் 6, திங்கள்

தீபாவளிக்கு இன்னும் இரண்டே வாரம். எங்கள் இணையச் சேலைக் கடைக்குக் காலையிலிருந்து 31 ஆர்டர். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கிறார். சாயத்தில் முக்கிப் பிரித்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு சுங்குடிச் சேலைக்கு அப்படி ஆயிரக்கணக்கில் போட வேண்டும்.

மதியம் வாட்ஸப்பில் ஒருவர் ஆறு சேலை கேட்டு, பணம் கட்டியதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். வங்கிக் கணக்கைப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. யுபிஐ பரிவர்த்தனை எண் 12 இலக்கம் இருக்கும். அவர் அனுப்பியதில் 11தான் இருந்தது. கேட்டதும் பிளாக் செய்துவிட்டுப் போய்விட்டார். கணக்கில் பணம் விழாமல் பார்சல் கட்டுவதில்லை என்பது ஆரம்பத்திலிருந்தே என் பழக்கம்.

2025 அக்டோபர் 7, செவ்வாய்

திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் போன் செய்தார். "ஏம்மா, உங்க கடையில கார்டு நம்பரை ரெண்டு தடவை கேட்குதே?" நெட் பிரச்சினையாக இருக்கும் டீச்சர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் பக்கம் கார்டு நம்பரைக் கேட்கவே கூடாது. 'பணம் செலுத்து' என்று அழுத்தினால் பணத்தை வாங்கி எங்களுக்குச் சேர்க்கும் நிறுவனமான கேட்வேயின் பக்கத்துக்குத்தான் நேரே போக வேண்டும். என் லேப்டாப்பில் ஆர்டர் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் தம்பியின் போனை வாங்கிப் பார்த்தேன். எங்கள் கடையின் முகவரியிலேயே, எங்கள் மெரூன் நிறத்திலேயே, ஒரு கார்டு படிவம். வாய்க்கு வந்த எண்ணை அடித்தேன். 'பிழை, மீண்டும் முயலவும்' என்று காட்டிவிட்டு உண்மையான கேட்வே பக்கத்துக்குப் போனது. என் லேப்டாப்பில் நான் எப்போதும் அட்மினாக, அதாவது தளத்தை நிர்வகிப்பவராக, லாகின் செய்திருப்பேன். அப்படிப்பட்டவர் கண்ணில் மட்டும் படாதபடி செய்திருக்கிறார்கள். கை நடுங்கிவிட்டது.

2025 அக்டோபர் 8, புதன்

நள்ளிரவு 12:40க்குக் கடையை மூடினேன். சீசன் நேரத்தில் மூடுவதா என்று சித்தப்பா கேட்டார். மூடித்தான் ஆக வேண்டும்.

கோவையில் சர்வர் வேலை பார்க்கும் அத்தை மகன் போனிலேயே கூட இருந்தான். அட்மின் பட்டியலில் நாங்கள் உருவாக்காத ஒரு பெயர். பணம் கட்டும் பக்கத்தின் ஃபைல் ஒன்று மாறியிருந்தது அக்டோபர் 2, அதிகாலை 2:47க்கு. முந்தின நாள் ஆயுத பூஜை. லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மூடியவள், மறுநாள் மதியம்தான் திறந்தேன்.

உள்ளே வந்த வழி, போன வருஷத் தீபாவளிக்குத் தள்ளுபடி கூப்பன் கொடுக்கத் தளத்தில் சேர்த்த பிளகின் என்ற துணை நிரல். சீசன் முடிந்ததும் டீஆக்டிவேட் செய்தேன், டெலீட் செய்யவில்லை. அணைத்து வைத்தாலும் ஃபைல்கள் சர்வரிலேயே கிடக்கும் என்றும், அதிலிருந்த ஓட்டை வழியாக வரலாம் என்றும் அத்தை மகன் சொல்லித்தான் தெரியும்.

2022 அக்டோபரிலிருந்து கடைக்காரர்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நம்மிடம்தான் ஒன்றுமே இல்லையே, என்ன திருடுவார்கள் என்று மூன்று வருஷமாக நிம்மதியாக இருந்தேன். அவர்கள் சேமித்ததைத் தேடி வரவில்லை. வாடிக்கையாளர் தட்டத் தட்ட எடுத்துக்கொள்கிறார்கள். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்ததும் இதே வேலைதான், வெறும் 22 வரி நிரல். அதற்கு 2020இல் 2 கோடி பவுண்ட் அபராதம் போட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

இப்படி ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு இருக்கிறது. விடிவதற்குள் மெயில் அனுப்பிவிட்டேன். கேட்வேக்கும் சொல்லியாயிற்று.

2025 அக்டோபர் 9, வியாழன்

யுபிஐயில் கட்டியவர்களுக்கு ஆபத்தில்லை, அவர்கள் பின் நம்பரைத் தங்கள் ஆப்பிலேயே போடுகிறார்கள். இந்த ஆறு நாளில் கார்டில் கட்டியவர்கள் 19 பேர். மெயில் போட்டால் போதும் என்றான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன்.

இங்கே ஓடிபி இல்லாமல் பணம் போகாது என்று பலர் அலட்சியமாகச் சொன்னார்கள். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலே இந்தியக் கார்டில் பணம் எடுக்க முடியும். அதனால் கார்டை பிளாக் செய்து புதிது வாங்குங்கள், வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள், தெரியாத செலவு வந்தால் வங்கிக்கும் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கும் உடனே சொல்லுங்கள் என்றேன். இப்படி வங்கி மேலும் வாடிக்கையாளர் மேலும் தப்பில்லாமல் வேறோர் இடத்தில் நடந்த திருட்டென்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் வராது. 2017இலிருந்து அதுதான் விதி. நான் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவர்கள் கணக்கிலிருந்துதான் கழியும்.

ஒருவர் பத்து நிமிஷம் திட்டினார். முழுவதும் கேட்டுக்கொண்டேன், அவர் கோபம் நியாயமானது. இன்னொருவருக்கு ஏற்கெனவே டாலரில் எடுக்க முயன்றிருக்கிறார்கள், வெளிநாட்டு வசதி அணைந்திருந்ததால் போகவில்லை. டீச்சரிடம், நீங்கள் சொன்னபோதே நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். "சரி, பாக்கிப் பேருக்குச் சொல்லிட்டியா?" என்றார்.

2025 அக்டோபர் 12, ஞாயிறு

கடை திறந்தாயிற்று. அக்டோபர் 2க்கு முந்தைய பேக்கப்பிலிருந்து புதிதாக ஏற்றினோம். 23 பிளகினில் 9 மிஞ்சியது. தளம் கட்டிக்கொடுத்த பையனின் பழைய லாகினும் போய்விட்டது. இனி அட்மினாக நுழைய என் போனில் வரும் எண்ணும் வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் மெயில் வரும். தினமும் ராத்திரி தம்பி போனில் லாகின் செய்யாமல் ஓர் ஆர்டர் போட்டு, கேட்வே பக்கம்வரை போய்த் திரும்புகிறேன்.

2025 அக்டோபர் 17, வெள்ளி

19 பேரில் இருவர் இன்னும் போனை எடுக்கவில்லை, மெயிலுக்கும் பதில் இல்லை. சேலை போய்ச் சேர்ந்த முகவரிக்கே நடந்ததைக் கையால் எழுதி, இன்று ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். ஒன்று ஓசூருக்கு, ஒன்று நாகர்கோவிலுக்கு. ரசீதுகளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.